வெண்டைக்காய் பிடிக்காதவர்

நாசரேத்தின் வடக்குச் சரிவில், ஒலிவத் தோப்புக்கு நடுவே, டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனால் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய கிராமம் ஒன்று இருக்கிறது. கட்டி முடித்துப் பன்னிரண்டு வருஷம்தான் ஆகிறது. அங்கே ஓர் ஆட்டிடையன் உண்டு, நூல் நூற்கும் பெண்கள் இருவர் உண்டு, திராட்சை மிதிக்கும் தொட்டி உண்டு. தச்சுப் பட்டறையில் கம்பளி அங்கியைப் போட்டுக்கொண்டு, காலை எட்டரை முதல் மாலை நான்கு வரை நுகத்தடி செதுக்கிக்கொண்டிருப்பவர் நக்லே. ஒரு நுகத்தடியை இரண்டு வாரம் செதுக்குவார். முடித்துவிட்டால் இன்னொரு கட்டை வேண்டும், கட்டைக்கு ஆபீஸில் எழுதிக் கேட்க வேண்டும், அவர்கள் எதற்கு என்று கேட்பார்கள்.

சுற்றுலாக் கூட்டம் பட்டறைக்குள் நுழைந்ததும் முதலில் அவருடைய தாடியைப் பார்க்கும். அப்புறம் கேள்வி ஆரம்பிக்கும். இயேசு உயரமா, குட்டையா? இடது கைப் பழக்கம் உண்டா? சிரிப்பாரா? கோபம் வந்தால் என்ன செய்வார்? நக்லே வேலைக்குச் சேர்ந்த அன்றே மேனேஜர் ஸுஹைல் ஒரு தாள் கொடுத்திருந்தார். தாய் மரியாள். தம்பிகள் நான்கு பேர், பெயர்கள் இன்னின்ன. தங்கைகள் உண்டு, பெயர் தெரியாது. தொழில் தச்சு, கொத்து வேலையாகவும் இருக்கலாம். பன்னிரண்டு வயதில் எருசலேமில் மூன்று நாள் காணாமல் போனார். முப்பது வயது வாக்கில் ஊரைவிட்டுக் கிளம்பினார். நடுவில் பதினெட்டு வருஷம். அதற்கு நேரே, ‘நமக்குத் தெரியாது என்று மரியாதையாகச் சொல்லவும்’ என்று அச்சடித்திருந்தது.

முதல் இரண்டு வருஷம் நக்லே அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை தெரியாது, தெரியாது என்று சொல்லிப் பாருங்கள், அதுவும் சொந்த ஊர்க்காரனைப் பற்றி. வெளியூர்க்காரன் சொல்லலாம், நாம் எப்படிச் சொல்வது? தேவதூதன் மரியாளிடம் பேசியது ஊற்றங்கரையிலா, வீட்டுக்குள்ளா என்ற கேள்விக்கு இந்த ஊரில் இரண்டு கோயில் கட்டி இரண்டு பதில் வைத்திருக்கிறோம். தெரியாது என்று சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை.

நக்லேக்கு ஓர் அண்ணன் இருந்தான். பெயர் தௌஃபீக், இரண்டு வயது மூத்தவன். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் கடைத்தெருவுக்குக் கீழே இருந்த பட்டறையை இரண்டு பேருமாகத்தான் நடத்தினார்கள். கதவு, ஜன்னல், கல்யாணக் கட்டில், எது வந்தாலும் செய்தார்கள். தௌஃபீக் நல்ல வேலைக்காரன், ஆனால் அளவு கயிற்றைத் தொடமாட்டான். எல்லாம் கண்ணளவுதான், எல்லாம் ஒரு விரல் குறையும். வாய் நிறைய ஆணியைக் கவ்விக்கொண்டு பேசுவான், ஒன்றும் புரியாது, புரியவில்லை என்றால் கோபம் வேறு வரும். கோயிலில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தபடியே தூங்குவான். பக்கத்து வீட்டு வாத்துக்குப் பயந்து சுற்றுவழியாக வீட்டுக்கு வருவான். வெண்டைக்காய் என்றால் முகம் கோணிப்போகும். இருபத்தொன்பதாவது வயதில், ஹைஃபாவில் ஒரு கட்டடத்தில் கூரைக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்து விழுந்து செத்துப்போனான். அப்போது அவன் மகள் லமீஸுக்கு எட்டு மாசம்.

துக்க வீட்டில் மூன்றாம் நாள். வாடகை நாற்காலிகளில் ஆண்கள் உட்கார்ந்து சர்க்கரை போடாத காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். நக்லேக்கு இருபத்தேழு வயது. மூன்று நாளாக அழுது அழுது ஓய்ந்து, ஏதாவது பேசினால் தேவலை என்றிருந்தது. வாத்து தௌஃபீக்கைத் துரத்திய கதையை எடுத்துவிட்டார். அவன் எலுமிச்சை மரத்தில் ஏறி அரை மணி நேரம் இறங்காமல் இருந்தது, வாத்து மரத்தடியிலேயே காவல் நின்றது, எல்லாம் சொன்னார். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்து வந்தாள். மூத்த பிள்ளையின் பெயரால் தாயைக் கூப்பிடுவதுதான் எங்கள் வழக்கம் என்பதால் அவள் சாகிறவரைக்கும் ஊருக்கு ‘தௌஃபீக்கின் தாய்’தான்.

“செத்தது யாருன்னு நெனச்சே? என் புள்ள தேவதூதன்டா! எனக்குக் குடுத்துவைக்கல, வந்தான், போயிட்டான். இன்னொரு வாட்டி அவனைப் பத்தி இந்த வீட்டுல சில்லறைக் கதை பேசினே, அப்புறம் நீ எனக்குப் புள்ளையே இல்ல.”

அன்றைக்கு நக்லேயின் வாய்க்குப் போட்ட பூட்டுதான். கூடத்தில் கோட்டு சூட்டோடு இருக்கும் தௌஃபீக்கின் கல்யாணப் படத்தை மாட்டி, விளக்கு வைத்தார்கள். வருஷா வருஷம் அவன் நினைவு நாளில் கோதுமையை அவித்துச் சர்க்கரை தூவி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டவர்கள் எல்லோரும், “தேவதூதன்! ஒரு வார்த்தை அதட்டிப் பேசமாட்டான்” என்றார்கள். அவனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களும் அதையேதான் சொன்னார்கள். அவன் மனைவி அஃபாஃப் அவனோடு வாழ்ந்தது மொத்தமே பதினெட்டு மாசம். மாமியார் வீட்டிலேயே இருந்து மகளை வளர்த்தாள். லமீஸ் அப்பாவைப் பற்றி ஏதாவது கேட்டால் அஃபாஃப் அழ ஆரம்பித்துவிடுவாள். கேட்டுக் கேட்டு அம்மாவை அழவைக்கப் பிடிக்காமல் அந்தப் பிள்ளை கேட்பதையே விட்டுவிட்டது.

கிராமத்தில் நக்லே வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷத்தில் தௌஃபீக்கின் தாய் காலமானாள். பூட்டின ஆள் போய்விட்டாள், பூட்டு அப்படியே இருந்தது. இருபத்தோரு வருஷம் தேவதூதனாக இருந்தவனைத் திடீரென்று எப்படி மரத்திலிருந்து இறக்குவது? சொன்னால் அந்தப் பெண், அப்பாவை மட்டம் தட்டுகிறார் என்று நினைத்துவிட்டால்? நக்லே சொல்ல நினைப்பார், மென்று முழுங்கிவிடுவார்.

அதற்கு அடுத்த பிப்ரவரியில், நினைவு நாள் கோதுமை சாப்பிட்ட மறுநாள், பிலிப்பைன்ஸிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. அதில் நர்ஸ் வேலை பார்க்கும் ஒரு பெண், “இயேசுவுக்குப் பிடிக்காத சாப்பாடு ஏதாவது உண்டா?” என்று கேட்டாள்.

“வெண்டைக்காய்,” என்றார் நக்லே.

அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. ஆனால் ஆரம்பித்தாயிற்று. தமக்குத் தெரிந்த ஐம்பது வார்த்தை இங்கிலீஷில் மீதியையும் சொன்னார்: பிடிக்காது, ஆனால் அம்மா தட்டில் போட்டால் சாப்பிட்டுவிடுவார், ஒவ்வொன்றாக எடுத்து மருந்து முழுங்குகிற மாதிரி முழுங்குவார். நர்ஸ் முதலில் சிரித்தாள், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் ஜெபம் செய்தும் அவர் சாப்பிடுகிறதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை என்றாள். நக்லே அன்று வீட்டுக்கு நடந்துபோகும்போது உடம்பு லேசாக இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக வாய்க்குள் கிடந்ததில் ஒன்று வெளியே வந்துவிட்டது.

அதற்கப்புறம் வாய் சும்மா இருக்குமா? ஒன்றொன்றாக வந்தன. இயேசு வாயில் மர முளையைக் கவ்விக்கொண்டு பேசினார். இயேசு ஜெபக்கூடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி தூங்கினார். இயேசு வாத்துக்குப் பயந்து சுற்றிப் போனார். கண்ணளவில் அறுத்து ஒரு விரல் குறைந்த கதையைச் சொல்லலாமா என்று மட்டும் நக்லே இரண்டு மாசம் யோசித்தார். சொன்னபோது ஜெர்மன்காரத் தச்சர் ஒருவர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஏமாற்றுகிறோம் என்று நக்லேக்குத் தோன்றவே இல்லை. அற்புதம், ஆச்சரியம் என்று எதையும் அவர் சேர்க்கவில்லை. கண்ணால் பார்க்காத எதையும் சொல்லவில்லை. ஆள்தான் வேறு.

ஸுஹைல் ஒருநாள் பட்டறைக்கு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“நக்லே அண்ணே, தாள்ல இருக்கறதை மட்டும் சொல்லுங்கன்னு சொன்னேன்ல?”

“கூட்டம் கூடியிருக்கா, கொறஞ்சிருக்கா?”

“கூடித்தான் இருக்கு.”

“அப்புறம் என்ன?”

“அப்புறம் ஒண்ணுமில்ல. பாத்துச் சொல்லுங்க,” என்று ஸுஹைல் போய்விட்டார்.

ஊருக்குள் கதை எப்படிப் பரவியது என்று யாருக்கும் தெரியாது. நூல் நூற்கும் பெண்கள் வீட்டில் போய்ச் சொல்லியிருப்பார்கள். வெண்டைக்காயைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளும் பிள்ளைகளிடம் தாய்மார்கள், “இயேசுவுக்கே பிடிக்காது, ஆனா அம்மா சொன்னா சாப்பிட்டாரு” என்று ஊட்ட ஆரம்பித்தார்கள். மூன்றாவது வருஷம் தவக்காலத்தில் எங்கள் பாதிரியார் அபூனா மீகாயீல், ‘நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லிவருவது போல’ என்று ஆரம்பித்து, வெண்டைக்காயை வைத்துக் கீழ்ப்படிதலைப் பற்றி இருபது நிமிஷம் பிரசங்கம் செய்தார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நக்லேக்கு வியர்த்துவிட்டது. ஆராதனை முடிந்ததும் நேரே அவரிடம் போனார்.

“அபூனா, இதை நீங்க எங்க கேட்டீங்க?”

“நல்லா கேட்டே போ. இந்த ஊர்ல பொறந்துட்டு இது தெரியாதா உனக்கு? எங்க தாத்தா காலத்துலேருந்து சொல்றதுதான்.”

“உங்க தாத்தா சொன்னாரா?”

“சொல்லியிருப்பாரு. நான் சின்னப் பையன், கவனிச்சிருக்கமாட்டேன்.”

பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்று வந்தவர், சரி அபூனா என்று திரும்பிவிட்டார். பாவத்தை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரே அதில் பங்காளி ஆகிவிட்டால் வேறு என்ன செய்வது?

ஜூன் மாசம் கிராமத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று விளம்பரம் கொடுத்தார்கள். வந்து சேர்ந்தது லமீஸ். இங்கிலீஷில் பட்டம் வாங்கிவிட்டு வாத்தியார் வேலைக்குக் காத்திருந்தவள், இருபத்தாறு வயது, அடுத்த வருஷம் ரம்ஸி என்ற பையனோடு கல்யாணம். நக்லேக்குப் பக்கத்திலேயே அவளை நிறுத்திவிட்டார்கள். அவர் அரபியில் சொல்வார், அவள் இங்கிலீஷில் சொல்வாள். முதல் நாள் வெண்டைக்காய் வந்தபோது நக்லே அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். அவள் கவனிக்கவில்லை. சித்தப்பா சொல்வதைவிட அழகாகவே சொன்னாள். வாத்து கட்டத்தில் கழுத்தை நீட்டி நடித்தும் காட்டினாள். அவளுடைய அப்பனைப் பற்றி, அவள் வாயாலேயே, ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கூட்டத்துக்கு. நக்லே உளியைப் பார்த்தபடியே நின்றிருப்பார்.

ஆகஸ்டில் ஒரு மதியம், இருவரும் அத்திமரத்தடியில் உட்கார்ந்து ரொட்டியும் தயிர்க்கட்டியும் வெள்ளரிக்காயும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“சித்தப்பா, ஒண்ணு கேக்கட்டா? எங்கப்பா எப்படி இருப்பாரு?”

“படம் இருக்கேம்மா.”

“படத்தைக் கேக்கல, ஆளைக் கேக்குறேன். போன வாரம் ரம்ஸி வீட்டுல எல்லாரும் அவங்கவங்க அப்பாவைப் பத்திப் பேசிட்டிருந்தாங்க. ஒருத்தரு கொறட்டை, ஒருத்தரு கஞ்சம், ஒருத்தரு கார் சாவியைத் தொலைச்சிட்டு வீட்டையே திட்டுவாராம். என் முறை வந்துச்சு. எங்கப்பா தேவதூதன்னு சொன்னேன். ரம்ஸியோட தங்கச்சி, ‘சரி, றெக்கையைத் தவிர வேற என்ன இருந்துச்சு?’ன்னா. எல்லாரும் சிரிச்சிட்டாங்க. எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல, சித்தப்பா. ஒண்ணே ஒண்ணுகூட இல்ல.”

“நல்லவன்மா உங்கப்பா. ரொம்ப நல்லவன்.”

“ஆமா. அதைத்தான் எல்லாரும் சொல்றாங்க.” அவள் ரொட்டியைப் பிய்த்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். “இயேசு போய் ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு. அவரு எதைத் தின்னாரு, எப்படித் தூங்கினாருன்னு எனக்குத் தெரியும். எங்கப்பா போய் இருபத்தஞ்சு வருஷம்தான் ஆகுது.”

நக்லே ஒரு வெள்ளரித் துண்டை வாயில் போட்டுக்கொண்டார். சொல்லிவிடலாம், இந்த நிமிஷமே சொல்லிவிடலாம். ஆனால் சொல்வதற்கு இருந்ததையெல்லாம் மூன்று வருஷமாகக் கண்டவர்களுக்கும் அள்ளிக் கொடுத்தாயிற்று, வேறொருவர் பெயரில். அதை எந்த முகத்தோடு சொல்வது? உங்கப்பனை உனக்குக் கொடுக்காமல் ஊருக்குக் கொடுத்தேன் என்றா? வெள்ளரிக்காயை முழுங்கிவிட்டு எழுந்து கை கழுவப் போனார். கோழை என்று தம்மைத் தாமே திட்டிக்கொண்டார்.

செப்டம்பரில் வெளிநாட்டிலிருந்து ஒரு பேராசிரியை பத்து மாணவர்களோடு வந்தார். அறுபது வயது இருக்கும், வெயிலுக்குப் பெரிய தொப்பி. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். வெண்டைக்காய் வந்ததும் லமீஸைக் கையமர்த்தினார். அந்தக் காலத்தில் இந்த நாட்டில் வெண்டைக்காயே கிடையாது, அது வந்து சேர அப்புறம் எத்தனையோ நூற்றாண்டு ஆயிற்று என்றார்.

பட்டறையில் இருந்த நாசரேத்துக்காரர்கள் இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. வெண்டைக்காய் இல்லாத நாசரேத்தா? கோடை வந்தால் ஊரில் எந்த வீட்டு அடுப்பில் அது இல்லாமல் இருந்தது? இயேசு இல்லை என்று யாராவது சொல்லியிருந்தால்கூட அவர்கள் அவ்வளவு திகைத்திருக்கமாட்டார்கள். எட்டிப் பார்க்க வந்த ஸுஹைல் வாசலிலேயே நின்றுவிட்டார்.

லமீஸ் விட்டுக்கொடுக்கவில்லை. “எங்க ஊர்ல வழிவழியாச் சொல்றது இது,” என்றாள். “எங்க பாதிரியாரே கோயில்ல சொல்லியிருக்கார்.”

பேராசிரியைக்குக் கோபமே இல்லை. அதுதான் வினையாகிவிட்டது. அவர் பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். வெண்டைக்காய் பிற்காலத்தில் சேர்ந்திருக்கலாம், ஆனால் முளையைக் கவ்விக்கொண்டு பேசுவது, உட்கார்ந்தே தூங்குவது, இப்படிப்பட்ட கதையை யாரும் வேலைமெனக்கெட்டுக் கட்டமாட்டார்கள், இவற்றைப் பதிவு செய்து புத்தகத்தில் போட விரும்புகிறேன் என்றார். “இதையெல்லாம் இவர் யாரிடம் கேட்டார்? பெயர் சொல்ல முடியுமா?”

லமீஸ் அதை அரபியில் சொல்லிவிட்டு, “சொல்லுங்க சித்தப்பா, யாருகிட்ட கேட்டீங்க? தாத்தாகிட்டயா?” என்று ஆவலோடு எடுத்தும் கொடுத்தாள்.

ஆமாம் என்று தலையாட்டினால் முடிந்தது. வேலை நிற்கும், அபூனாவின் மானம் நிற்கும், ஊருக்குப் பெருமை. பேராசிரியை பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். நக்லே அந்தப் பேனாவையே பார்த்தார். புத்தகத்தில் ஏறிவிட்டால் அப்புறம் இறக்க முடியாது. தௌஃபீக் இரண்டாவது தடவையும் போய்விடுவான், இந்தத் தடவை தள்ளிவிட்டது சாரம் இல்லை, தம்பி.

“இது எதுவும் இயேசு இல்லம்மா,” என்றார். “அவரைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. இதெல்லாம் எங்கண்ணன். தௌஃபீக்.”

எல்லோரும் லமீஸைப் பார்த்தார்கள், அவள் சொன்னால்தானே அவர்களுக்குப் புரியும். அவளும் பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டாள். “இது எதுவும் இயேசு இல்லையாம்,” என்றாள் இங்கிலீஷில். “அவரைப் பற்றி இவருக்கு ஒன்றும் தெரியாதாம். இதெல்லாம் இவருடைய அண்ணன்...” அங்கே வாய் நின்றுவிட்டது. ஒரு மாணவன் செருமினான். அவள் கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

“மன்னிக்கவும்,” என்றாள். “இதெல்லாம் என் அப்பா.”

பேராசிரியை நோட்டுப் புத்தகத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். ஸுஹைல் வந்து, திராட்சைத் தொட்டியைப் பார்க்கலாம் வாருங்கள் என்று எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போனார். பட்டறையில் இரண்டு பேர்தான் மிச்சம்.

“மூணு மாசம்,” என்றாள் லமீஸ். “மூணு மாசமா என் வாயாலயே சொல்ல வச்சிருக்கீங்க. நான் கழுத்தை நீட்டி நீட்டி நடிச்சிட்டிருந்தேன். நீங்க பாத்துட்டு நின்னீங்க.”

“தப்புதான்மா.”

“அத்திமரத்தடியில அன்னைக்குக் கேட்டேனே! பிச்சை கேக்குற மாதிரி கேட்டேன்! நல்லவன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போனீங்களே!”

“தப்புதான். உன் பாட்டி வாயை மூடச் சொன்னா, மூடிட்டேன். அவ போனப்புறமும் எனக்குத் தைரியம் வரல. உள்ளயே வச்சிருந்தா நானும் மறந்துடுவேன்னு பயம். யாருகிட்டயாவது சொல்லணும். இவங்கதான் தெனமும் வந்து கேட்டாங்க.”

அவள் மரக்கட்டையின் மேல் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அழுதாள். நக்லே என்ன செய்வதென்று தெரியாமல் அங்கியின் கயிற்றை முடிந்து அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கண்ணும் நிறைந்திருந்தது. அப்புறம் அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“எல்லாத்தையும் குடுத்துட்டீங்களா? ஊரு ஒலகத்துக்கே தெரியும் இப்ப. எனக்குன்னு ஒண்ணும் மிச்சம் வைக்கலியா?”

நக்லே யோசித்தார். யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை, அது எப்போதும் முன்னாலேயே நின்றது. எடுத்துக் கொடுக்கத்தான் இடம் கிடைக்கவில்லை.

“ஒண்ணு இருக்கு,” என்றார். “நீ பொறந்து நாலாம் நாளு. உன்னைத் தூக்க அவனுக்குப் பயம். ‘மரம் தூக்கின கை, பொடிசா எதையாவது ஒடச்சிருவேன்’னான். யாரு சொல்லியும் கேக்கல. பட்டறைக்கு வந்து ஒரு பலகை செஞ்சான், ரொட்டிக்கடைக்காரங்க ரொட்டி அடுக்கித் தலையில தூக்கிட்டுப் போவாங்களே, அந்த மாதிரி, நாலு பக்கமும் விளிம்பு வச்சு. ராப்பகலா இழைச்சான், எங்கயும் சிலாம்பு குத்தக் கூடாதுன்னு கன்னத்தை வச்சு வச்சுப் பாத்தான். அதுல கம்பளி விரிச்சு, உன்னைப் படுக்க வச்சு, ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு வீடு பூரா நடந்தான். ஒரு மாசம் அப்படியேதான். தெருவுல பாத்தவங்க, ‘தௌஃபீக், ரொட்டி என்ன வெலை?’ன்னு கேப்பாங்க. ‘சூடா இருக்கு, தள்ளிப் போங்க’ன்னுவான்.”

லமீஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இதை ஏன் யாருகிட்டயும் சொல்லல?”

“எப்படிம்மா சொல்றது? இயேசுவுக்குத்தான் புள்ளையே இல்லியே.”

வாசலில் அடுத்த கூட்டம் வந்து நின்றது. ஸுஹைல் ஓடிவந்து, தச்சர் இன்று விடுப்பு என்று சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்பினார்.

“மறுபடியும் சொல்லுங்க,” என்றாள் லமீஸ். “மொதல்லேருந்து.”

நக்லே அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னார்.